பக்கத்துப் பலகை

அன்புள்ள அக்காவுக்கு,

வெளிநாட்டில் மாநாடு, விருந்து என்று ஓடிக்கொண்டிருக்கும் உங்களுக்குக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். போனில் என்றால் எனக்குப் பேச வராது, உங்களுக்கே தெரியும்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் அலைத்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினோம். அலை தள்ளும் நேர்ப் பலகை, பக்கவாட்டில் இருக்கும் பலகை இரண்டுக்கும் எண்ணெய் போட்டாயிற்று. பேராசிரியர் வாயைத் திறந்தால் உங்கள் பெருமைதான். "அவளைப் பாத்துக் கத்துக்கோம்மா" என்று நேற்றும் சொன்னார். தலையாட்டினேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

உங்கள் மாநாட்டு உரையின் வீடியோவை எங்கள் வீட்டில் போட்டுக் காட்டினேன். "தண்ணியை ஆட்டிப் பாக்கவா இவ்ளோ படிப்பு?" என்றார் அப்பா. ஒரே பக்கமாக வரும் அலை ஓரளவு உயர்ந்ததும் முன்னால் கவிழ்ந்து உடைந்துவிடும். குறுக்கே இன்னோர் அலைக்கூட்டம் வந்து மோதினால் கவிழ வழியில்லாமல் செங்குத்தாக எழும்பும், கப்பலையே சாய்த்துவிடும் என்று விளக்கினேன். அப்புறம் அவர் கேலி செய்யவில்லை.

"இரண்டு பலகைகளையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க ஒருநாள் எனக்குத் தோன்றியது" என்று மேடையில் சொன்னீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும், "அன்னிக்குத் தொப்பலா நனைஞ்சு வந்து, வேலை போயிடும்னு அழுதியே, அதானே இது? இதுல நீ எங்கடி இருக்கே?" என்று கேட்டாள். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அக்கா, அன்று யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. காலைச் சோதனைக்காகக் கணினியில் கொடுத்த கட்டளையை அழிக்க மறந்துவிட்டேன். நீங்கள் நேர்ப் பலகையை ஓட்டியதும் பக்கத்துப் பலகையும் தானாக ஆடியது. தண்ணீர் கூரை விளக்கை அடித்தது. துடைக்கத் துணியோடு ஓடினேன். "அதை விடு, அலையோட அளவைப் பாரு" என்றீர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் உங்களுடையது, மறுக்கவில்லை. அதன்பின் ஆறு மாதம் அலைகள் மோதும் கோணத்தை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள் நாம் இருவரும். பேசத் தெரிந்த உங்கள் வாயைப் பார்த்துப் பொறாமைப்படுவதா, என் வாயைத் திட்டுவதா, தெரியவில்லை.

அங்கே குளிர் அதிகமாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆய்வுக்கூடத் தங்கை

பி.கு: வெள்ளிக்கிழமை அந்த அலை பற்றிய ஆய்வுக்கட்டுரையை அனுப்பப்போகிறீர்களாம். கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில் என்னைச் சேர்க்காதீர்கள். முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்கு அடுத்து என் பெயரை எழுதுங்கள். கட்டளையை அழிக்க மறந்தது யார் என்றும் ஒரு வரி. அந்தத் தவறு என்னுடையது அக்கா. அதை எனக்கே கொடுத்துவிடுங்கள்.