ஃபோம் ஒட்டிய அறை

வியாழன், இரவு

நான் வாசித்து அனுப்பிய கதையை, எதிரொலி அதிகம் என்று ஒலிக்கதைகள் போடும் அந்த ஆடியோ ஆப்காரர்கள் திருப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி அனுப்ப வேண்டும். பள்ளிப் படிப்பை விட்டபின் நானாகத் தேடிய முதல் வேலை இது. அதனால் திங்களன்று என் அறைச் சுவர் முழுக்க ஃபோம் பேனல்களை ஒட்டினேன். இனி வெளியே எதுவும் கேட்காது என்று நம்பி, மாமியார் குரல், பேய்க் குரல் எல்லாம் போட்டு வாசித்தேன்.

இன்று கதவைத் திறந்தால், ஹாலில் டிவி ஓடவில்லை.

"ஏம்மா நிறுத்திட்டே? பேய் மாமியாரை விட்டுதா இல்லையா?" என்றார் அப்பா.

முகம் சூடாகிவிட்டது. "வெளிய கேட்டுதாப்பா?"

"ஃபோம் எக்கோவைத்தான் குறைக்கும். அமெரிக்காவுல, இந்த ஃப்ரீமான்ட்ல வீட்டுச் சுவரெல்லாம் வெறும் அட்டைம்மா."

"நாலு நாளா சாயங்காலம் குக்கரே வைக்கலடி. விசில் உன் ரெக்கார்டிங்ல விழுந்துடுமே," என்றாள் அம்மா. தினமும் ராத்திரி ஏன் பிரெட் என்று இப்போதுதான் புரிந்தது.

பதிவைப் போட்டுக் கேட்டேன். எதிரொலி துளியும் இல்லை. இன்னும் மூன்று பக்கம்தான் பாக்கி.

நாளையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிப்பேன். ஆனால் கொஞ்சம் உரக்க வாசிப்பேன்.