நீ வாசித்துக் காட்டிய கடிதங்கள்

ஜூன் 9

மைனாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் இரண்டு பேரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குக் கிளம்புகிறேன்.

போன வாரம் பன்னிரண்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு லிப்ட்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. அவற்றைப் பழுதுபார்க்க மூன்று நாள் அங்கேயே கிடந்தேன். அதனால்தான் இந்த மாதக் கடிதம் தாமதம். மைனாவுக்கு எழுதியது தனித்தாளில் இருக்கிறது, கொடுத்துவிடு.

ஒரு குறை சொல்லலாமா? கோபிக்காதே. ஏறக்குறைய மூன்று வருடமாக மாதம் தவறாமல் அவளுக்கு எழுதுகிறேன். பதில் வருகிறது, ஆனால் உன் கையெழுத்தில் வருகிறது. 'மைனா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது' என்று. இரண்டாம் வகுப்பில் அது சரி. இப்போது ஐந்தாம் வகுப்பு. இரண்டு வரி அவளே எழுதக் கூடாதா? போன தடவை அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதற்குப் பதிலே இல்லை. மாடிப்படியில் குட்டி போட்ட பூனையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. பூனை நன்றாக இருக்கட்டும். என் கேள்வி என்ன ஆயிற்று?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, எழுதிக்கொள்வோம் என்றுதானே முடிவு செய்தோம். அவளும் எழுதினால் எனக்கு ஒரு ஆறுதல்.

இருபத்தொன்றாம் தேதி உங்கள் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. நாம் பிரிந்த பிறகு அவளை உன் அண்ணன் வீட்டுக் கூடத்தில், பத்துப் பேர் நடுவில், அரை மணி நேரம் என்றுதான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு பகல் முழுக்க என்னோடு அனுப்பு. ஐந்து மணிக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறேன்.

மைனாவின் அப்பா


ஜூன் 15

மைனா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பரிசோதனைக்கூடத்தில் இப்போது காய்ச்சல் காலம். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைசி ஆளுக்கு ரத்தம் எடுக்கும்போது அவருக்கும் மயக்கம், எனக்கும் மயக்கம். உட்கார்ந்து எழுத நேரமில்லை.

மைனா நன்றாகப் படிக்கிறாள். தமிழில் 'ஏ' வாங்கியிருக்கிறாள். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள், மூச்சு வாங்குவதுகூடத் தெரியாது. எழுதச் சொன்னால்தான் சோம்பல். சின்னப் பிள்ளை, எல்லாம் வரும். நீங்கள் தூரத்தில் இருந்துகொண்டு பரீட்சை வைக்காதீர்கள்.

இருபத்தொன்றாம் தேதி அனுப்புகிறேன். வெயிலில் அலைக்க வேண்டாம்.

மைனாவின் அம்மா


ஜூன் 24

மைனாவின் அம்மாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நம் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியாது. இது உனக்குத் தெரியுமா?

சாப்பிடப் போன இடத்தில் பட்டியலை அவள் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தாள். "நீங்களே சொல்லுங்கப்பா, எனக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல" என்றாள். எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் நான் வேலை பார்த்த கட்டடத்துக்குக் கூட்டிப் போனேன். லிப்ட்டுக்குள் நானே ஒட்டிய அறிவிப்பைக் காட்டி, "வாசி பார்ப்போம்" என்றேன். மணிப் படத்தைப் பார்த்துவிட்டு, "மணி அடிக்கணும்" என்றாள். "படம் இல்லடா, எழுத்து." பேச்சை மாற்றினாள். சரி, பையில் இருந்த தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். நீ எழுதியது போலத்தான், கடகடவென்று வந்தது. எட்டிப் பார்த்தேன். வாய் மூன்றாம் பாடத்தைச் சொல்கிறது. விரித்து வைத்திருந்தது ஐந்தாம் பாடம்.

புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன்.

காதால் கேட்டதை எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்கிறாள். நாம் மைனா என்று கூப்பிட்டதற்கு இப்படியா பொருத்தம்? போனில் எதைத் தேடினாலும் மைக்கை அழுத்திப் பேசுகிறாள். அதுவே அவளுக்கு வாசித்தும் சொல்கிறது. நாலு வருடம் அந்தப் பள்ளிக்கூடம் என்ன செய்துகொண்டிருந்தது? 'ஏ' போட்டது யார்? தினமும் பக்கத்தில் இருக்கிற நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

மைனாவின் அப்பா


ஜூலை 4

மைனா அப்பாவுக்கு,

அரை நாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்கூடம் போனேன். போய்ச் சண்டை போட்டேன், உங்களுக்குத் திருப்திதானே.

வகுப்பு டீச்சர் என்னைவிடச் சின்னவள். சாக்பீஸ் கையைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. "என் வகுப்புல நாப்பத்தெட்டு பேரும்மா. அதுல பதினாறு பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. நான் பாடத்தை முடிப்பேனா, 'அ'னாவுல இருந்து ஆரம்பிப்பேனா?" என்றாள். 'ஏ' எப்படி வந்தது என்று கேட்டேன். "போர்டுல எழுதிப் போடுறதைப் பார்த்து எழுதுறா. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. யாரையும் குறைச்சுப் போடாதேன்னு மேலே இருந்து சொல்றாங்க." அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "வீட்ல யாரும்மா அவ பக்கத்துல உக்கார்றது?"

நான் வாயை மூடிக்கொண்டேன். நான் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். இருட்டிய பிறகு திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது, பக்கத்து வீட்டு வைஃபையில் ஓடும் சிம் இல்லாத பழைய போன் அவள் கையில் இருக்கும். அது இருந்தால் அவளும் சத்தம் போட மாட்டாள், எனக்கும் பத்து நிமிடம் கிடைக்கும். பத்து நிமிடம் பத்து நிமிடமாகத்தான் இது நடந்திருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்காதீர்கள். பிள்ளைகள் எழுத்துக்கூட்டப் பழகுவது இரண்டாம் வகுப்பில். நீங்கள் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் அந்த வருடம்தான். அந்த ஜூன் முழுக்க இந்த வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கிற நிலையில் இல்லை.

மைனாவின் அம்மா


ஜூலை 15

மைனாவின் அம்மாவுக்கு,

நீ எழுதியது நியாயம். நான் இருந்த நாளிலும் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் "அம்மாகிட்ட போடா, அப்பாவுக்கு அலுப்பு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதை நீ எழுதாமல் விட்டாய். நானே எழுதிவிடுகிறேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. போன கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும், கோபத்தில் கேட்டால் தப்பாகிவிடும் என்று ஒத்திப்போட்டேன். மூன்று வாரமாக ஏணியில் ஏறினாலும் இறங்கினாலும் இதே நினைப்பு.

அன்று பேருந்துக்குக் காத்திருந்தபோது மைனா கேட்டாள், "ஏம்ப்பா, லீவுக்கு ஒரு தடவைகூட என்னை உங்க வீட்டுக்குக் கூப்பிட மாட்டேங்கிறீங்க?"

ஒவ்வொரு விடுமுறைக்கும் கூப்பிட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கம் அவளுக்காகக் கட்டில் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். வருகிறாயா, இல்லையா, ஒரே சொல் போதும் என்று எழுதியிருக்கிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்றால் எல்லாவற்றையும் நீதான் வாசித்துக் காட்டியிருக்கிறாய்.

நான் எழுதியதை வாசித்தாயா?

மைனாவின் அப்பா


ஆகஸ்ட் 2

மைனா அப்பாவுக்கு,

இரண்டு வாரமாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நேற்று ஒருவருடைய ரத்தக் குப்பியில் இன்னொருவர் பெயரை ஒட்டப் போய்விட்டேன். பக்கத்தில் இருந்தவள் பார்த்ததால் தப்பித்தேன். இனிமேல் தள்ளிப்போட முடியாது.

வாசித்தேன். நீங்கள் எழுதியதை அல்ல.

முதல் தடவை ஒரு வரியைத்தான் விட்டேன். 'அப்பாவுக்கு அம்மா மேல் கோபம் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அவளிடம் சொல்ல எனக்கு மனசில்லை. தாண்டிப் போனேன். அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் கட்டில் போட்டிருப்பதைத் தாண்டினேன். அப்புறம் தாண்டிய இடத்தில் வேறு எதையாவது வைக்க வேண்டி வந்தது. ஒழுங்காகச் சாப்பிடு, அம்மா சொன்னதைக் கேள், பல் தேய்த்தாயா. என் வாசிப்பில் நீங்கள் ஒரு சுகாதார அதிகாரி.

அவளுக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்று மூன்றாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். நாளைக்கு உட்காரலாம், அடுத்த மாதம் உட்காரலாம் என்று சொல்லிக்கொண்டேன். அலுப்பு உண்மை, நேரமில்லாததும் உண்மை. ஆனால் இதையும் எழுதிவிட வேண்டும். அவளுக்கு வாசிக்க வராதவரை அவள் என் பக்கம் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. டீச்சர் "யாரும்மா பக்கத்துல உக்கார்றது" என்று கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டது அதனால்தான்.

அந்த டீச்சர் பதினாறு வீட்டுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறாள். மணியடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் பிள்ளையை அனுப்பினால் அவளே எழுத்துக்கூட்டிச் சொல்லித் தருவாளாம். ஆனால் சாயந்திரம் வீட்டில் யாராவது அரை மணி நேரம் கூட உட்கார வேண்டும், அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் அனுப்புங்கள் என்றாளாம். முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். மைனாவும் போகிறாள். நான் ஒன்பதிலிருந்து ஐந்துவரை பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

மைனாவின் அம்மா


ஆகஸ்ட் 12

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

என் மகளிடம் லீவுக்குக் கூப்பிடாத அப்பனாக என்னை ஆக்கிவிட்டாய். அதை மன்னிக்க எனக்கு இப்போது வரவில்லை. வரும்போது சொல்கிறேன்.

தாளில் நல்ல அப்பாவாக இருப்பது சுலபமாக இருந்தது என்பதும் உண்மை. மாதம் ஒரு தடவை இரண்டு பக்கம். நேரில் வந்து கதவைத் தட்டியிருந்தால் நீ எதைத் தாண்டியிருப்பாய்?

ஒன்று மட்டும் செய். இனிமேல் ஒரு வரிகூட வாசித்துக் காட்டாதே. அவளுக்கு வாசிக்க வந்ததும் எல்லாக் கடிதங்களையும் அவளிடமே கொடு. முன்னாலேயே எதையும் சொல்லி அவளைத் தயார்படுத்தாதே. அவளாகத் தெரிந்துகொள்ளட்டும்.

மைனாவின் அப்பா


அக்டோபர் 6

மைனா அப்பாவுக்கு,

நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் நான் எழுதுகிறேன்.

பகல் வேலை கிடைத்துவிட்டது. தினமும் ஏழு மணிக்கு இரண்டு பேரும் தரையில் உட்காருகிறோம். முதல் மாதம் ஒரே அழுகை, அவள் பாதி, நான் பாதி. போனைக் கேட்டுக் கதவை உதைத்தாள். ஒரு நாள் "எனக்கு மூளையே இல்லம்மா" என்றாள்.

கொம்புதான் அவளுக்கு எதிரி. "எழுத்துக்கு முன்னாடி வந்து நிக்குது, ஆனா சத்தம் மட்டும் பின்னாடி வருது. அது ஏம்மா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் வாசிக்கிறேன், ஒரு நாளும் எனக்கு இது தோன்றியதில்லையே. மூளை இல்லாத பிள்ளையா இதைக் கேட்கும்? டீச்சரிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அன்றைக்கு முழுக்கக் கொம்பையே நடத்தினாளாம்.

இப்போது தெருவில் நடக்கவே முடியவில்லை. ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நிற்கிறாள். நேற்று சந்தில் சுவரைப் பார்த்து "இங்கே சிறு... நீர்... கழிக்... காதீர்" என்று உரக்க வாசித்தாள். அங்கே நின்றிருந்த ஒரு பெரியவர் பாதியிலேயே ஓடிப்போனார்.

ஒன்பது பேரில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒரு பையனின் அம்மாவை வழியில் பார்த்துக் கேட்டேன். "எனக்கே வாசிக்க வராது, நான் உக்காந்து என்ன பண்ண?" என்றாள். அவனையும் சாயந்திரம் எங்களோடு உட்கார வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு எழுத்தாக அவள் முன்னேற முன்னேற எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஒரே மனதில் இரண்டும் எப்படி இருக்க முடிகிறது?

மைனாவின் அம்மா


நவம்பர் 24

மைனா அப்பாவுக்கு,

கடிதங்களை அவளிடம் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும், தேதிப்படி அடுக்கி. நீங்கள் சொன்னபடி எதுவும் முன்னால் சொல்லவில்லை.

முதல் கடிதத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. விரலை வைத்து வைத்து வாசித்தாள். நான் துணி மடிப்பதுபோல உட்கார்ந்து ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்து மடித்தேன். நான் தாண்டிய வரியை அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். அடுத்த நாள் இரண்டாவது கடிதம். கட்டில் வந்த இடத்தில் நின்றாள். திரும்ப வாசித்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ வாசிச்சப்ப இது இல்லையே."

"இல்ல கண்ணு."

"உனக்கும் வாசிக்க வராதாம்மா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்காகப் பாவப்பட்டுக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த முகம் அப்படியே இருந்திருக்கும். வாய்வரை வந்தது.

"வரும்" என்றேன். "நீ போயிருவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் வாசிக்கல."

அடுத்த மூன்று நாளும் ஏழு மணிக்குத் தரையில் உட்கார்ந்தாள், பாடத்தை வாசித்தாள், எழுந்து போனாள். மிச்சக் கடிதங்களை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தனியாக வாசித்தாள். நான் படியில் பாதிவரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

நேற்று பேனாவும் தாளும் கேட்டாள். இரண்டு மணி நேரம் எழுதினாள். "ஞாபகத்துக்கு 'ஞா'வா, 'நியா'வா?" என்று ஒரு தடவை மட்டும் உள்ளே இருந்து கத்தினாள். உறையை அவளே எச்சில் தொட்டு ஒட்டினாள். முகவரியையும் அவளே எழுதினாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"உனக்கு இல்லம்மா. அப்பாவுக்கு."

தபால்பெட்டி நான்கு தெரு தள்ளி இருக்கிறது. வழியில் இரண்டு தடவை நின்றேன். மெல்லிய உறை, வெயிலில் பிடித்தால் எழுத்து தெரிந்திருக்கும். பிடிக்கவில்லை. உங்களிடம் வரப்போகிறேன் என்று எழுதியிருக்கலாம், ஒரேயடியாகவே வருகிறேன் என்றும் எழுதியிருக்கலாம். உள்ளே போட்டுவிட்டேன். விழுந்த சத்தம் கேட்டது.

இந்தக் கடிதத்துக்கு முன்னாலோ பின்னாலோ அது வந்து சேரும். அவள் என்ன கேட்டிருந்தாலும், பதிலை அவள் பெயருக்கே அனுப்புங்கள். நான் பிரிக்க மாட்டேன்.

மைனாவின் அம்மா