மாணிக்கம் அண்ணன் தலையாட்டியது

செவ்வாய் இரவு, கிள்ளான்.

பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன் இன்று காலமானார். போன வாரம் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்து, "இயேசுவை ஏத்துக்குறீங்களாண்ணே?" என்று கேட்டேன். தலையாட்டினார். நான் அழுதுவிட்டேன். ஞாயிறு சபையில் எழுந்து, ஓர் ஆத்துமா இரட்சிக்கப்பட்டது என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள்.

இன்று சாவு வீட்டில் அவர் மகளிடம் ஆறுதலாக அதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"ஆஸ்பத்திரியில சேர்த்ததிலேருந்து அப்பாவுக்குக் காதே கேக்கல அங்கிள். யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவாரு. டாக்டருக்கும் அப்படித்தான்" என்றாள்.

சாயங்காலம் பாஸ்டர் போன் செய்தார். வரும் ஞாயிறு வாலிபர்களுக்கும் அந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டுமாம். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரி பாஸ்டர்" என்றேன்.

முழங்காலில் நின்று பார்த்தேன். ஜெபம் வரவில்லை.