கார் நின்றால் படம் வரும்

அன்புள்ள வாலு,

நம் காரில் டிவி பொருத்துவது என்று உன் அப்பா போன மாதம் முடிவு செய்தார். இப்படிப்பட்ட செய்தி உனக்குப் பிறர் வாயிலாகத் தெரிய வரக் கூடாது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளை நான்காக மடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அறிவித்தார். அவையில் எதிர்ப்பு எழவில்லை. அவையில் நான் மட்டும்தான் இருந்தேன், என் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. மற்றபடி இருவரும் சுகம், நீயும் உன் வீட்டுக்காரரும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முட்டிகளை விசாரித்திருந்தாய். இடது முட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. வலது முட்டி யாருடனும் பேசும் நிலையில் இல்லை.

டிவி முடிவுக்கும் முட்டிக்கும் சம்பந்தம் உண்டு, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்காதே. டாக்டர் என் முட்டி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படி ஏறி இறங்குறத அடியோட விட்டுடுங்கம்மா" என்றார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடியில் குடியிருக்கிறவளிடம் சொல்கிறார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து படி ஏறினேன். அப்பா பின்னாலேயே ஏறி வந்தார், மறுநாளே லிஃப்ட் கோரிக்கையைக் கையில் எடுத்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று தீர்மானமாயிற்று. வீட்டுக்கு ஒரு வாக்கு, சொந்தக்காரர் நேரில் வந்து கை தூக்க வேண்டும், தோற்றுப்போனால் அடுத்த ஆண்டுக் கூட்டம்வரை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எதிர் அணிக்குத் தலைவர் கீழ்த்தளத்துப் பல் டாக்டர். படி ஏறுவது இதயத்துக்கு நல்லது என்பது அவர் கொள்கை, அதைத் தரைத்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வார். அப்பா மாடி மாடியாகப் போய் ஆதரவு திரட்டியதில் இரண்டு அணியும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. இரண்டாவது மாடியில் வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் வந்து கை தூக்கிவிட்டால் ஜெயம். அந்தச் சொந்தக்காரர்தான் ஊரின் மறுகோடியில் இருக்கும் உன் மாமா.

உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரியும். போலீஸ் உத்தியோகத்தில் திருடர்களை முறைத்தே அழவைத்தவர், ஓய்வு பெற்ற பிறகு சீரியலில் மருமகள் தும்மினாலும் அழுகிறார். எட்டு வருடமாக அவர் பார்த்துவந்த தொடரின் கடைசி எபிசோடு, கூட்டம் நடக்கிற அதே ஞாயிறு மாலை, அதே நேரத்தில் வருவதாக இருந்தது. அந்தக் குழந்தையின் உண்மையான அம்மா அக்காவா தங்கையா என்பது அன்றைக்குத்தான் தெரியுமாம். நான் போனில் கூப்பிட்டு அழாக்குறையாகச் சொன்னேன். "உன் முட்டி முக்கியம்தாம்மா, நான் இல்லேங்கல. ஆனா முட்டி நாளைக்கும் இருக்கும், இந்த எபிசோடு இருக்குமா?" என்று கேட்டார். அப்புறமாகப் போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று நீ சொல்வாய், நானும் சொன்னேன். ஆறிப்போனதைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிற வழக்கம் தனக்கு இல்லையென்று சொல்லிவிட்டார். அப்போதுதான் உன் அப்பா செய்தித்தாளை மடித்தார்.

கார் ஸ்டீரியோக் கடைக்காரர் வந்து முன்பக்கம் ஒரு திரை, சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி, பின் கண்ணாடியில் ஒரு ஆன்டெனா என்று வைத்துவிட்டுப் போனார். கீழே நிறுத்துமிடத்தில் வைத்தே சோதனை. செய்தி வாசிக்கிற பெண்ணின் காதுத் தோடு எண்ணிப் பார்க்கிற அளவுக்குப் படம் தெளிவு. அக்கம்பக்கத்தார் காரைச் சுற்றி நின்று பார்த்துப் பாராட்டினார்கள், பல் டாக்டர்கூட ஜன்னலுக்குள் தலையை விட்டு விளம்பரம் முடியும்வரை பார்த்தார். கடைக்காரர் மட்டும் போகும்போது, "சார், ஓடுறப்போ கொஞ்சம் விட்டு விட்டு வரும்" என்றார். அப்பா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். காரை ஒரு தெரு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அதுதான் உண்மை. டிவியை நிற்கவைத்துப் பார்ப்பதுதானே நமக்குப் பழக்கம்.

ஞாயிறு மாலை நானும் கூடப் போனேன், ஏனென்றால் தங்கை கூப்பிட்டால் வருகிற மாமா, தங்கை புருஷன் கூப்பிட்டால் காரணம் கேட்பார். ஒவ்வொரு மாடிக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். மாமா வீட்டு வாசலில் படம் அருமையாக வந்தது. மாமா முன் சீட்டில் துண்டோடு உட்கார்ந்தார் (கண்ணைத் துடைக்க), அப்பா கியர் போட்டார், கார் நகர்ந்தது, திரையில் அக்கா வாயைத் திறந்தாள், திறந்தபடியே கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டாள். குரல் மட்டும் தண்ணீருக்குள் இருந்து தவளை கூப்பிடுவதுபோல் இரண்டு முறை வந்தது. "மாப்ள, நிறுத்துங்க! அவ ஏதோ சொல்ல வந்தா!" என்று மாமா கத்தினார். நிறுத்தியதும் அக்கா ஒட்டிக்கொண்டு முழு முகமாக வந்தாள், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருந்தாள். நம் பழைய டிவி எவ்வளவு நல்ல டிவி, யோசித்துப் பார். மழை பெய்வதுபோல் புள்ளி புள்ளியாக வரும், ஒரு மூக்கு இரண்டு மூக்காகத் தெரியும், ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். இந்த டிஜிட்டல் நம் சொந்தத்தில் சிலரைப் போல. வந்தால் பட்டும் நகையுமாக வருவேன், இல்லையென்றால் வரவே மாட்டேன்.

வேகம் குறைந்தால் வரும் என்று அப்பா ஒரு கொள்கை கண்டுபிடித்து நடக்கிற வேகத்தில் ஓட்டினார். நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோன ஒரு பெரியவர் இரண்டு தெருவுக்கு எங்கள் ஜன்னலோடு ஒட்டியே வந்து கதை கேட்டார். நாய்க்குத்தான் பொறுமை இல்லை, இழுத்துக்கொண்டு போய்விட்டது. பச்சை விளக்கைப் பார்த்து மூன்று பேர் வருத்தப்பட்ட கார் உலகத்தில் எங்கள் கார் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்று பேர் என்றா சொன்னேன்? இரண்டு பேர். நான் பின் சீட்டிலிருந்து, "கூட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் ஒரே குரலில் "இதோ" என்றார்கள். முப்பது வருடக் குடும்பத்தில் உன் அப்பாவின் "இதோ" எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

மேம்பாலத்தின் உச்சியில் படம் பிரமாதமாக வந்தது, அங்கேயே ஓரம் கட்டிவிட்டார்கள். போக்குவரத்துக் காவலர் ஓடி வந்து, "பாலத்து மேல யாருங்க வண்டிய நிறுத்தறது, அறிவில்ல?" என்று குனிந்தவர், திரையைப் பார்த்ததும், "ஐயோ, கடைசி எபிசோடா! இன்னிக்குன்னு பாத்து எனக்கு டியூட்டி போட்டுட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு கையால் மற்ற வண்டிகளை அனுப்பிக்கொண்டு மறு கையை எங்கள் ஜன்னலில் ஊன்றிக்கொண்டார். மாமா அவருக்குக் கதைச் சுருக்கம் சொல்லும்போது, சித்திதான் குழந்தையை மாற்றினாள் என்றார். உடனே உன் அப்பா, "சித்தி எங்க மச்சான் மாத்தினா? அவ போன வருஷமே கிணத்துல விழுந்து செத்துட்டாளே, மாத்தினது நர்ஸு" என்றார். எட்டு வருடமாக நம் வீட்டில் அந்தத் தொடர் ஓடும் நேரமெல்லாம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த மனிதர். நான் கண்ணாடியில் அவரையே பார்த்தேன். அவர் அன்று மாலை முதல் முறையாக ரோட்டைப் பார்த்தார்.

உண்மையான அம்மா யார் என்று நீயும் ஆவலாக இருப்பாய். தொடரின் கோர்ட் காட்சியில் நீதிபதி எழுந்து அதைச் சொல்ல வாயெடுத்தபோது ஒரு பெரிய லாரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. நீதிபதி கட்டம் கட்டமானார். லாரி நகர்ந்தபோது எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள், யார் யாருடைய அம்மா என்று அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. காவலர் லாரிக்காரருக்கு அபராதம் போடக் கிளம்பினார். மாமா துண்டை மடித்து வைத்துக்கொண்டார், அழுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நிறுத்துமிடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றுப்போயிருந்தது. காரில் நாங்கள் இரண்டு வாக்குகள் இருந்தோம். வாழ்க்கை முழுவதும் பஸ் டிப்போவில், தாமதமாக வருகிற வண்டிகளைக் குறித்துக்கொண்டு விளக்கம் கேட்பதையே வேலையாகப் பார்த்தவர் உன் அப்பா. சங்கச் செயலாளர் ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "சிக்னல் கிடைக்கலைங்க" என்றார். பல் டாக்டர் மட்டும் பெருந்தன்மையாக என்னிடம் வந்து, "கவலைப்படாதீங்கம்மா, படி ஏறுறது இதயத்துக்கு நல்லது" என்றார். மாமா அவரை, பழைய உத்தியோக முறையில், கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு நாங்கள் மேலே ஏறினோம். அப்பா முன்னால் ஒரு படி, நான் ஒரு படி என்று கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், வழியெல்லாம் ஆன்டெனாவைக் கூரை மேல் வைத்திருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டு வந்தார், நான் மூச்சைச் சேமித்துக்கொண்டு ஏறினேன்.

இனி உனக்கு. குளிர் அதிகமென்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. வீட்டுக்காரரிடம் கோபம் வந்தால் அன்றே சண்டை போட்டு முடித்துவிடு, எட்டு வருடம் ஓட்டாதே. அப்பா போனில் டிவி பற்றிப் பேச்செடுத்தால் படம் நன்றாக வருகிறதா என்று கேட்காதே, கார் நன்றாக ஓடுகிறதா என்று கேள். மனம் போல் வாழ்வு அமைந்து, நினைத்ததெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல் இருவரும் நூறு வயது இருங்கள்.

டிக்கெட் எடுத்ததும் எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று மறக்காமல் எழுது. இந்த முறை உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு அப்பா மட்டும்தான் வருவார்.

ஆசிகளுடன்,
அம்மா