அப்பா எடுத்த முடிவு

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

கிறிஸ்தவ மருத்துவ அறவியல் வகுப்பிலிருந்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். செவ்வாயன்று தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம்.

“வென்டிலேட்டர எடுக்கச் சொன்னா நான் கொலைகாரியாம்மா?” என்று கேட்டார்.

உயிர் தேவனுடைய ஈவு, ஆனாலும் சாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது விசுவாசமாகாது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அங்கே அதையெல்லாம் விட்டுவிட்டு நம் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

“எங்கம்மாவுக்கு எங்கப்பா எடுக்கச் சொன்னாரு. கடைசி வரைக்கும் அம்மா கைய விடல” என்றேன்.

“அப்பா நல்லவரா?”

“ரொம்ப நல்லவரு.”

சொல்லிவிட்டு நான்தான் அழுதேன். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கவலைப்படாதீர்கள், இப்போது சரியாகிவிட்டேன்.

அம்மா போன அன்று உங்களைக் கொலைகாரர் என்று கத்தினேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் என்னைப் படிக்க அனுப்பினீர்கள். அதற்கு நன்றியப்பா. என்னை மன்னித்துவிடுங்கள்.

ஞாயிறன்று சமைக்கும்போது எனக்குப் போன் போட்டு அடுப்பு மேடையில் வையுங்கள். பேச வேண்டாம், பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்