ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றாதே

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குப் படி இறங்க வருகிறது, முழங்கால்தான் மெதுவாக நடக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு குழப்பம், உன்னைத் தவிர யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. உன் சித்தப்பா வந்திருந்தான். ஆமாம், அவனேதான். தாத்தாவை மயக்கி நான் சிவப்புக் காரை எழுதி வாங்கிக்கொண்டேன் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன், போன வாரம் ஒரு புது மின்சாரக் காரில் வாசலுக்கு வந்தான். சத்தமில்லாமல் வந்ததால் கதவைச் சாத்திக்கொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "அண்ணா, இதை நீ எடுத்துக்கோ, சிவப்பை எனக்குக் குடு" என்றான்.

ஓட்டிப் பார்க்கச் சொன்னான். பொத்தானை அழுத்தினேன், உறுமல் இல்லை, மறுபடி அழுத்தினேன், அணைந்துவிட்டதாம். "அது அப்பவே கிளம்பிடுச்சு, நீதான் இன்னும் கிளம்பல" என்று சிரிக்கிறான், இயற்பியல் வாத்தியாரான என்னைப் பார்த்து. ஆனால் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது, சிவப்பு தன் இளமையில்கூட அப்படிப் பாய்ந்ததில்லை. இருந்தும் நான்தான் ஓட்டுகிறேன் என்ற எண்ணமே வரவில்லை, ரோட்டில் போட்ட கோட்டைத் தொட்டால் அதுவே ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கத்துகிறது. சிவப்பில் கியர் மாற்றினால் தோள்வரை தெரியும், பெட்ரோல் வாசனை சட்டையை விட்டுப் போகாது. ஆனால் இரண்டே சீட், அதுவும் தரையோடு தரையாக, அம்மாவை உட்கார வைத்தால் எழுப்ப ஆள் கூப்பிட வேண்டும். அவளுக்கு அது எப்போதும் என் மூத்த சம்சாரம்தான். புதியதற்கு மௌனச் சாமியார் என்று பேர் வைத்துவிட்டாள், ஏறியவள் இறங்கத்தான் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

சிவப்பின் ஸ்டார்ட்டர் சங்கதி உனக்குத் தெரியும். ஒருவர் உள்ளே சாவியைத் திருப்ப, இன்னொருவர் பானெட்டைத் திறந்து மோட்டாரைச் சுத்தியலால் தட்ட வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு என்பது உன் சித்தப்பா கைக்குத்தான் தெரியும். எங்களுக்குள் பேச்சு நின்ற நாளிலிருந்து வண்டியும் ஷெட்டில் நிற்கிறது. கொடுத்தால் பின்னால் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று, புது ஸ்டார்ட்டர் போட்டுத் தருகிறேன் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "ஸ்டார்ட்டரை மட்டும் மாத்தாதே அண்ணா, அப்படியே குடு" என்றான். ஓடாத வண்டியை ஓடாதபடியே கேட்கிறவனை நான் பார்த்ததில்லை. இதில் என்ன சூது? அம்மாவிடம் கேட்டால், "தட்ட உங்க தம்பி வேணும், சாவி திருப்ப நீங்க வேணும், இதுக்கு மேல என்ன சொல்லச் சொல்றீங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவன் அவ்வளவு நல்லவன் இல்லை, பட்டவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்க வருகிறான். கொடுத்தால் நான் இளிச்சவாயன், மறுத்தால் அவன் ஊரெல்லாம் சொன்னது உண்மை என்றாகிவிடும். இன்று காலை மெக்கானிக் புது ஸ்டார்ட்டரோடு வந்து நின்றார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஏன் அனுப்பினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இருவரும் எந்தக் குறையுமின்றி நெடுநாள் வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பிடியில் துணி சுற்றிய அந்தச் சுத்தியலை வீடு முழுக்கத் தேடிவிட்டேன், கடைசியாக எங்கே பார்த்தாய் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்.

உன் மேல் மட்டும் கோபமில்லாத,
அப்பா