எங்கள் படலையிலேயே நாங்கள் செய்த மறியல்

அன்பு நண்பருக்கு,

போன வியாழக்கிழமை அருங்காட்சியகத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பழைய மோடம் தொலைபேசி வயருக்குள் நுழையும்போது கீச்சிட்டு, கரகரத்து, பிறகு அடங்குமே, அது. பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கோ ஒஸ்லோவின் குரோருட்டில் உம்முடைய குசினி கண்முன்னே வந்துவிட்டது. மேசைக்குக் கீழே இரைந்துகொண்டிருக்கும் கணினி, மேலே சோற்றுப் பானை, "இந்த இழவு ரெலிபோனை எப்ப விடப் போறியள், நான் அம்மாவோடை கதைக்க வேணும்" என்கிற உம்முடைய மனைவியின் குரல்.

இணையத்தின் தொடக்ககாலக் கலை பற்றிக் கண்காட்சி வைக்கிறார்கள். பொறுப்பாக இருப்பவள் இங்கே மோர்டென்ஸ்ருட்டில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. "அங்கிள், உங்கடை பழைய இணையத்தளத்தையும் வைக்கப் போறம்" என்றாள். கேட்டீரா? அந்த நாளில் நம்மை யார் கலைஞர் என்றார்கள்? நீர் தபால் பிரித்தீர், நான் பஸ் ஓட்டினேன். வேலை முடிந்து வந்து அசையும் படங்களும் வெட்டி ஒட்டிய ஒலிகளும் செய்து, முகம் தெரியாத தமிழரோடு புனைபெயரில் சண்டை பிடித்தோம். விசர்க் கூட்டம் என்றுதான் சனம் சொன்னது.

சுதனைத் தந்ததும் அந்தத் தளம்தான். நோர்வேயின் வடக்கே ஓர் அகதி முகாமிலிருந்து ஒலிகள் அனுப்புவான்: பனி வழிக்கும் சத்தம், குளிர்ப்பெட்டியின் முனகல், யாரோ தூக்கத்தில் பிதற்றுவது. அவற்றைக் கோத்து அவன் செய்ததைக் கேட்டுவிட்டு, "ஐசே, இந்தப் பொடியன் எங்கள் எல்லாரையும் திண்டுபோடுவான்" என்றீர். அவனுடைய மனு தள்ளப்பட்டது, திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று அறிந்த அன்று நீர் சோற்றுக் கோப்பையில் கையே வைக்கவில்லை.

இணைய மறியல் உம்முடைய யோசனை. குறித்த நேரத்தில் எல்லோரும் மனுவைத் தள்ளிய குடிவரவுக் கந்தோரின் இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தால் அது மூச்சுத் திணறி நின்றுவிடும், பத்திரிகைக்காரர் ஏனென்று கேட்பார்கள், சுதனின் கதை வெளியே வரும். வெள்ளிக்கிழமை, ஒஸ்லோ நேரம் பகல் இரண்டு மணி என்று லண்டன், பாரிஸ், ரொறன்ரோ வரைக்கும் அறிவித்தோம்.

இரண்டு மணிக்கு என்ன நடந்தது? ஒருவராவது கந்தோரின் பக்கத்துக்குப் போனால்தானே! அத்தனை பேரும் நம்முடைய தளத்துக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "தொடங்கியாச்சோ?" "அண்ணை, எதை அமத்திறது?" "பொறுங்கோ, சாப்பிட்டிட்டு வாறன்." "நான் துவங்கீற்றன், நீர் எங்கை?" கொஞ்ச நேரத்தில் மேசைக்குக் கீழிருந்து தளத்தைத் தாங்கிய நம்முடைய கணினிதான் மூச்சை விட்டது. கந்தோரின் பக்கம் ஒரு குறையுமில்லாமல் திறந்தது. நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். "எங்கடை சனம் தங்கடை வீட்டு வாசல் படலையிலையே மறியல் செய்திருக்கு, ஐசே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொடியனைப் பிளேனிலை ஏத்தப் போறாங்கள், உமக்குப் பகிடியோ?" என்று கத்தினேன். உம்முடைய சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து, கணினி விட்டுவிட்ட தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. தளம் படுத்துவிட்டதென்று முறையிட்ட ஒஸ்லோக்காரர் எல்லோருக்கும் நீர் ஒரே பதிலைத்தான் சொன்னீர்: "கொம்பியூட்டரை விடுங்கோ. கந்தோர் வாசலுக்கு வாங்கோ."

வந்தார்களே! பனிக்குள் நின்று முதன்முதலாக முகம் பார்த்தோம். தளத்தில் என்னுடைய படங்களை மாதக்கணக்காகக் குறை சொல்லிக் கிழித்த 'கறுப்புக்காகம்', அம்மருட்டில் எனக்குச் சிரித்துச் சிரித்து மீன் விற்கிற மனிசன்! ரேடியோப் பெட்டியில் சுதனின் ஒலியை ஓடவிட்டோம். இதனால் ஏதும் பயன் உண்டா என்று உம்மைக் கேட்டேன். "பிரயோசனத்தைப் பிறகு பாப்பம். இப்ப நில்லும்" என்றீர்.

பயன் இருக்கவில்லை. அடுத்த கிழமை அவனை ஏற்றிவிட்டார்கள்.

கணினியைத் திருத்தியதும் நீர் செய்த முதல் வேலை, தளத்தின் கடவுச்சொல்லைச் சுதனுக்கு அனுப்பியது. "உமக்கென்ன விசரோ? அவன் இனி எங்கையோ" என்றேன். "ஆளை நாட்டை விட்டு அனுப்பலாம். எங்கடை இடத்திலையிருந்து அனுப்ப அவை ஆர்?" என்று என்மேல் சீறினீர். அன்றிலிருந்து ஒஸ்லோவின் தளத்தை நடத்தியவன் கொழும்பில் இணையக் கடையில் இருந்த பொடியன். நல்லாய்த்தான் நடத்தினான், பாவி. சண்டை கூடியபோதெல்லாம் என்னுடைய பதிவுகளைத்தான் முதலில் தூக்கினான்.

உம்முடைய செத்தவீட்டில் தலை நரைத்தவர்கள் வரிசையில் வந்து உம்முடைய மனைவியிடம் புனைபெயரைச் சொல்லி அழுதார்கள். சுதன் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தான். அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

போன வருசம் முதன்முதலாக என்னிடம் வந்தபோதே அருங்காட்சியகப் பிள்ளை, தளத்தைக் காட்ட யாரிடம் அனுமதி கேட்பது என்றாள். சொன்னேன். "ஒஸ்லோத் தளத்துக்குப் பொறுப்பாளர் கொழும்பிலையோ?" என்று வாயைப் பிளந்தாள். கதை முழுவதையும் கேட்டபிறகு, அவனையே திறப்புவிழாவுக்குக் கூப்பிட வேண்டுமென்று பிடிவாதமாக நின்றாள். முதல்முறை விசா தரமாட்டோம் என்றார்கள். அவள் விடவில்லை. கெட்டிக்காரி, மறுபடி எழுதினாள். நேற்று விசா கிடைத்துவிட்டது.

நாளை விமான நிலையத்துக்குப் போகிறேன். பஸ் ஓட்டுவதை விட்ட பிறகும், எங்கள் ஆள் ஒருவருக்குக் கந்தோரில், ஆஸ்பத்திரியில் ஒன்றென்றால் போய் நிற்கிற பழக்கம் என்னை விடவில்லை. உம்மிடம் தொற்றியதுதான். பெரும்பாலும் ஒரு பிரயோசனமும் இராது. ஆனால் நாளைக்கு, அந்தக் கதவு திறந்து அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவான். நீர் இல்லையென்று தெரிந்தும் முதலில் உம்மைத்தான் தேடுவான். அவனுக்கு நான் என்ன சொல்வேன், ஐசே?